வாடைக்குத் தாங்கும் நட்சத்திரமும் பனையோலைக் குடிலும்

டிசம்பர் முதல் வாரம் வடகடல் பார்த்த வாசலில் ஏற்றிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம், ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் கிழியாமல் நின்றது. கடையில் வாங்கும் அட்டை நட்சத்திரம் இந்தப் பக்கத்தில் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபத்தில் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாடைக் காற்று ஒரு பக்கம், உப்பு ஈரம் ஒரு பக்கம், இடையில் மழை. பசை விடும், தாள் தொய்யும், கம்பி துருவேறும். இதற்கெல்லாம் தோதாக, நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகள் கூடமாட வேலை செய்யும்படி, நட்சத்திரம், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில், மரம் மூன்றையும் செய்த விதம் கீழே. அளவுகள் எல்லாம் டேப் வைத்து எடுத்தவை.

பொருள் சேர்ப்பது நவம்பர் கடைசியில். பதநீர்க் காலம் இல்லாததால் பனையேறுகிறவர்கள் அப்போது வேறு வேலையில் இருப்பார்கள். நினைத்த அன்றைக்கு ஓலை கிடைக்காது, பத்து நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். தேவை: சாரோலை (குருத்துக்கு அடுத்த பச்சை ஓலை) இரண்டு, குருத்தோலை ஒன்று, நேராக இருக்கும் பச்சை மட்டை நாலைந்து. குருத்து ஒன்றுக்கு மேல் கேட்க வேண்டாம். ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்து எடுத்தால் மரம் இளைத்துப் போகும். கீழே விழுந்து கிடக்கும் காவோலை கூரைக்கு ஆகாது, மடக்கினால் ஒடியும்.

மட்டையின் இரு ஓரத்திலும் பல்போல இருக்கும் கருக்கை அரிவாளால் சீவி எறிவது முதல் வேலை. அது முடிகிற வரை பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. பிறகு நீளவாக்கில் பிளந்து, 12 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள சிம்புகளாகச் சீவிக்கொள்ள வேண்டும். நட்சத்திரத்துக்கு 90 செ.மீ. நீளத்தில் பத்து, 18 செ.மீ. நீளத்தில் ஐந்து. கூடுதலாக இரண்டு சீவி வைப்பது நல்லது, வளைக்கும்போது ஒன்றாவது முறியும். மட்டையில் 90 செ.மீ. நேராகக் கிடைக்காவிட்டால் மூங்கில் சிம்பு.

பச்சைச் சிம்பில் அன்றைக்கே கட்டினால் என்ன ஆகிறது என்று பார்த்தாகிவிட்டது. இறுக்கமாகப் போட்ட முடிச்செல்லாம் நாலே நாளில் ஆடத் தொடங்கியது, ஒரு கை முறுக்கிக்கொண்டது. சிம்பு காயும்போது சுருங்குகிறது, கட்டு சுருங்குவதில்லை. அதனால் நிழலில், மேலே பலகையும் செங்கல்லும் பாரமாக வைத்து, ஒரு வாரம் உலர்த்திய பிறகே கட்ட வேண்டும். மழை விடாமல் பெய்தால் அடுப்படியில் உயரத்தில் கிடத்தலாம்.

நட்சத்திரச் சட்டம்

ஐந்து முனை நட்சத்திரம் கோணலாகப் போவதற்கு ஒரே காரணம் கண்ணளவில் கட்டுவது. கோணமானி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு 90 செ.மீ. சிம்பிலும் இரு முனையிலிருந்தும் 34.4 செ.மீ. தள்ளிப் பேனாவால் கோடு போட்டால் போதும், நடுவில் 21.2 செ.மீ. மிஞ்சும். சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் அந்தக் கோடுகள்தான். கோடும் கோடும் சேரும்படி வைத்தால் நட்சத்திரம் தானாகச் சமமாக வரும். வேறு அளவில் செய்கிறவர்கள் சிம்பின் நீளத்தை 0.382 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். 60 செ.மீ. சிம்புக்கு 22.9, 120 செ.மீ. சிம்புக்கு 45.8. அளந்து கோடு போடுவது ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற வேலை, தப்புப் போட்டால் உடனே கண்ணுக்குத் தெரியும்.

தரையில் ஐந்து சிம்பையும் ஒன்றின் மேல் ஒன்று, அடுத்ததன் கீழ் ஒன்று என்று மாற்றி நுழைத்து வைத்தால் சட்டம் தட்டையாக உட்காரும். எல்லாவற்றையும் மேலேயே அடுக்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கட்டுவதற்கு வலை பின்னும் நைலான் நூல். தூண்டிலுக்குப் போடும் தங்கூஸ் நரம்பு பார்க்க அழகாக இருந்தாலும் வழுக்கி முடிச்சு அவிழும். பனை நாரும் நன்றாகவே பிடிக்கும், ஆனால் மழையில் தளர்ந்து வெயிலில் இறுகுவதால் வெளியே தொங்கும் பொருளுக்கு நைலான்தான் நம்பிக்கை. வலை கட்டுகிற வீடுகளில் நூலுக்கும் முடிச்சுக்கும் வெளியே ஆள் தேடவேண்டியதில்லை. தாத்தாவிடம் கொடுத்தால் பேசிக்கொண்டே கட்டிக் கொடுத்துவிடுவார்.

இப்படி இரண்டு சட்டம். ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சற்றுத் தளர்வாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு உள்பக்கத்து ஐந்து வெட்டுகளிலும் 18 செ.மீ. குச்சிகளை நிமிர்த்திச் செருகினால் நட்சத்திரம் உப்பி எழும். முனைகளை முதலிலேயே இறுக்கிவிட்டால் குச்சி செருகும்போது சிம்பு முனையில் பிளக்கும். குச்சி ஐந்தும் உட்கார்ந்த பிறகு முனைக் கட்டை இறுக்கலாம்.

மூடும் தாள்

பழைய மாதிரிக் கண்ணாடித்தாள் இந்தக் காற்றுக்கு உதவாது. ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்து, வெயில் பட்டதும் இறுகி, இரண்டு நாள் இப்படி இழுபட்டதும் ஓரத்தில் கீறல் விடும். காகிதம் கேட்கவே வேண்டாம். பரிசுப்பொருள் சுற்றும் பிளாஸ்டிக் தாளில் ஒளி ஊடுருவும் வகை ஒன்று இருக்கிறது, அது தண்ணீர் குடிக்காது. 50 க்கு 70 செ.மீ. தாள் நாலு போதும். சிவப்பும் மஞ்சளும் இரவில் நன்றாகத் தெரிகின்றன. நீலம் பகலில் மட்டும் அழகு.

ஒரு கைக்கான அச்சு: அடி 21 செ.மீ., பக்கங்கள் 34.5 செ.மீ. உள்ள முக்கோணம், சுற்றிலும் 2 செ.மீ. மடிப்பு விட்டு அட்டையில் வெட்டிக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னுமாகப் பத்து முக்கோணம், நடு ஐங்கோணம் இரண்டு. இந்தத் தாளில் ஃபெவிகால் ஒட்டாது, காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். மைதாப் பசையைப் பேசவே வேண்டாம், அதில் பூஞ்சணமும் கரப்பானும்தான் மிச்சம். மடிப்பைச் சிம்பைச் சுற்றிக் கொண்டுவந்து, தாளோடு தாளையே ஒட்டுவதுபோல அகலப் பேக்கிங் டேப் போட்டால் பிடித்துக்கொள்ளும். மட்டையில் டேப் நிற்காது. ஸ்டேப்ளர் பின் போட்டால் பொங்கலுக்குள் துருக்கறை வழியும்.

இனி முக்கியமான இடம். இரு சட்டங்களுக்கும் நடுவே, கைகள் சேரும் ஐந்து இடுக்குகளில் பக்கவாட்டு இடைவெளி இருக்கும். எல்லாவற்றையும் மூடினால் நட்சத்திரம் காற்றடைத்துப் படகுப் பாய்போல இழுக்கும். மேலே இருக்கும் இரு இடுக்குகளை மட்டும் மூடி, கீழ் மூன்றையும் திறந்து விட்டதில் மழை உள்ளே இறங்கவில்லை, உள்ளே புகுந்த காற்றும் கீழ்வழியே போய்விட்டது. பல்பு மாட்டவும் அந்தத் திறப்பே வாசல். இந்த ஒரு மாற்றம்தான் இவ்வளவு நாள் தாங்கியதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. மற்றதெல்லாம் துணை.

பல்பு, வயர், கப்பி

9 வாட் எல்.இ.டி. பல்பு, பால் கண்ணாடி போன்ற வெள்ளை மூடி உள்ளது. பழைய 40 வாட் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், சூட்டில் தாள் சுருங்கும். பல்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடம் இருக்க வேண்டும். வயர், 0.75 சதுர மி.மீ. உறை போட்ட இரட்டை வயர், பிளக்கிலிருந்து ஹோல்டர் வரை ஒரே துண்டாக. நடுவில் ஒட்டுப்போட்டு டேப் சுற்றினால் உப்பு ஈரம் உள்ளே புகுந்து செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். முதலில் விளக்கு மினுக்கும், பிறகு அணையும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, மூடியில் துளை போட்டு வயரை நுழைத்து, ஹோல்டருக்குக் குடையாகக் கவிழ்த்துவிட்டால் தண்ணீர் ஹோல்டரில் இறங்காது. வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு தொய்வு விட வேண்டும், வயர் வழியே ஓடிவரும் மழைத்தண்ணீர் அங்கே சொட்டிவிடும். இந்த இணைப்பு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள வரிசையில் இருக்கட்டும். இல்லாத வீட்டில் வெளியே விளக்கு தொங்கவிடாமல் இருப்பதே நல்லது.

நட்சத்திரத்தை ஆணியில் மாட்டாமல் கப்பியில் ஏற்றியது இறக்குவதற்காக. 6 மி.மீ. நைலான் கயிறு, சிறு கப்பி, சுவரில் கயிறு சுற்ற ஒரு கொக்கி. கீழ்க் கால் இரண்டையும் தனித்தனி நூலால் பக்கச் சுவருக்கு இழுத்துக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நட்சத்திரம் சுழன்று சுழன்று வயர் ஹோல்டர் கழுத்தில் அறும். பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று கேட்டதும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நட்சத்திரத்தை இறக்கி உள்ளே வைத்துவிடுவது வழக்கமாகட்டும். தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போன புயல் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், கிறிஸ்துமஸுக்குச் சரியாக மூன்று நாள் முன்னால் வந்தது. இங்கே டிசம்பரையும் புயலையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டு நிமிடத்தில் இறக்க முடியாத அலங்காரம் எதுவும் வெளியே வேண்டாம்.

தென்கடல் பார்த்த வீடுகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. இந்த மாதங்களில் அந்தப் பக்கம் அமைதி, 12 செ.மீ. குச்சி வைத்து மெல்லிய சட்டமே போதும்.

குடில்

அகலம் 60 செ.மீ., ஆழம் 40, முகட்டு உயரம் 45, மூலைக் கால் 25. கால்கள் மட்டைத் துண்டுகளில், அடியில் பலகையில் திருகாணி போட்டு நிறுத்தியவை. ஆணி அடித்தால் மட்டை பிளக்கும். முன்பக்கம் முழுக்கத் திறப்பு.

கூரைக்குச் சாரோலை. ஒரு ஓலையில் அறுபது எழுபது இதழாவது இருக்கும், இரண்டு ஓலை தாராளம். இதழ் இதழாகக் கிழித்து ஈர்க்கை உரிக்க வேண்டும், இதில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஈடு யாரும் இல்லை. உரித்த ஈர்க்கைக் கட்டி வைத்தால் பின்னால் உதவும். இதழ்களை 22 செ.மீ. துண்டாக நறுக்கி, தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து எடுத்தால் எப்படி மடக்கினாலும் ஒடியாது. சாக்குக்குள் ஒரு இரவுக்கு மேல் விட்டால் கரும்புள்ளி விழும். கூரையின் இரு சரிவிலும் 8 செ.மீ. இடைவெளியில் வரிச்சு (குறுக்குக் குச்சி) கட்டி, தாவாரத்திலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேல் வரிசை கீழ் வரிசையைப் பாதிக்கு மேல் மூட வேண்டும். முகட்டில் ஒரு ஓலையை நீளமாகக் கவிழ்த்துத் தைத்து முடிப்பது. வீட்டுக்குள் இருக்கும் குடிலுக்கு மழை ஒழுகப்போவதில்லைதான். ஆனாலும் மேலிருந்து கீழாக வேய்ந்த கூரையை இந்த ஊர்க்காரர் யார் பார்த்தாலும் சிரிப்பார்கள்.

தரைக்குக் கடல் மணல் போட்டுப் பார்த்தது வீண். வெள்ளையாக அழகாகத்தான் இருந்தது. மணலிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எப்போதும் நசநசவென்று இருந்தது. பிளாஸ்டர் சுரூபங்களின் (சிலைகளின்) அடிப்பாகம் அந்த ஈரத்தைக் குடித்து மாவாக உதிர்ந்தது, திருகாணி துருவேறியது. கிணற்றடி மணலோ கட்டுமான மணலோ சலித்துப் போட்டு, அடியில் பாலித்தீன் விரித்ததும் சரியாயிற்று. சுரூபங்களின் அடியை உருக்கிய மெழுகில் ஒருமுறை முக்கி எடுத்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு. இதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

குடிலுக்குப் பாறை வேண்டுமென்று கரையில் ஒதுங்கும் பவளக் கல்லை அள்ளிவரும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பவளமும் கடல் விசிறியும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்த துண்டு என்றாலும் எடுக்கக்கூடாது, பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிவிடலாம். காக்கித்தாளைக் கசக்கி, விரித்து, மறுபடி கசக்கி, பழுப்பும் சாம்பலும் தீட்டினால் பாறை ஆகிவிடும். தாளுக்கு உள்ளே பழைய வலைத் துண்டைத் திணித்தால் சரியாமல் நிற்கும். பஞ்சில் பனி தூவுவதையும் விட்டாயிற்று. ஈரத்தில் கட்டிபிடித்து அழுக்கேறுகிறது, ஒரு பொறி பட்டால் போதும் பற்றிக்கொள்ளும். ராமநாதபுரத்துப் பனைக் குடிலில் பனி எதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது.

கேழ்வரகுப் புல்

புல் தரைக்கு மூன்று விதை போட்டுப் பார்த்ததில் கேழ்வரகுதான் நின்றது. கடுகு ஒரு வாரத்தில் வளர்ந்து அடுத்த இரண்டு நாளில் சாய்கிறது. நெல் உறுதி, ஆனால் ஆட்டின் தலைக்கு மேல் வளர்ந்து குடிலையே மறைக்கிறது. கேழ்வரகு பத்து நாளில் ஏறக்குறைய 5 செ.மீ., மெல்லிய இலை, பார்க்கப் புல்லேதான்.

தட்டுக்கு மீன் ஐஸ் பெட்டியின் தெர்மோகோல் மூடி, 60 க்கு 40 செ.மீ. அளவு. முதலில் புளித்தண்ணீரில் தேய்த்துக் கழுவி ஒரு நாள் வெயிலில் போட வேண்டும். இல்லாவிட்டால் தெருப் பூனை எல்லாம் குடிலுக்கு வந்து சேரும். அடியில் ஈர்க்கால் பத்துப் பன்னிரண்டு துளை. அதில் மட்கிய எருவும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி, 2 செ.மீ. உயரம்.

கேழ்வரகு 40 கிராம், மளிகைக் கடைச் சரக்கே முளைக்கும். விதைக் கடையில் இளஞ்சிவப்புச் சாயம் பூசி வருவது மருந்து போட்டது, பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. டிசம்பர் 13 காலையில் ஊறப்போட்டு, மாலையில் ஈரத்துணியில் கட்டி, 14 ஆம் தேதி தூவலாம். அதிகம் தூவினால் அடித்தண்டு அழுகிப் பொத்தல் பொத்தலாகப் போகும். 40 கிராமை நாலாகப் பிரித்து, தட்டிலும் நாலு கட்டம் போட்டு, ஆளுக்கொரு கட்டம் என்று கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டாது. மேலே மெல்லிய எரு, அதற்கு மேல் ஈரச் செய்தித்தாள். முளை எட்டிப் பார்த்ததும் தாளை எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர்தான் இங்கே சிக்கல். கிணற்று உப்புத் தண்ணீரில் இலை நுனி பழுப்பாகக் கருகியது. மழைத்தண்ணீர் அல்லது காவிரிக் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றிய தட்டு பச்சையாக நின்றது. செம்பில் கொடுத்தால் பிள்ளைகள் வயலுக்குப் பாய்ச்சுவதுபோலப் பாய்ச்சுவார்கள். தெளிப்பான் பாட்டிலில், காலை இருபது அழுத்து, மாலை இருபது அழுத்து என்று எண்ணிக்கை சொல்லிக் கொடுப்பது பலன் தருகிறது, எண்ணவும் பழகிக்கொள்வார்கள். தட்டு 23 ஆம் தேதி வரை வெளிச்சமுள்ள தாழ்வாரத்தில் இருக்கட்டும். குடில் மூலையின் இருட்டில் நாலு நாளுக்கு மேல் வைத்தால் வெளுத்துச் சாயும். அதனால் 21 ஆம் தேதி இன்னொரு தட்டு தூவினால் புத்தாண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் செய்த உருவங்கள்

ஆடுகள் கண்மாய்க் களிமண்ணில். வெறும் களிமண் வெடிக்கும். ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணலும், பொடியாக நறுக்கிய ஒரு கைப்பிடி தென்னை நாரும் சேர்த்துப் பிசைய வேண்டும். எந்த இடமும் 3 செ.மீ. கனத்துக்கு மேல் போகக்கூடாது. நிற்கும் ஆட்டுக்கு ஈர்க்கில் கால் வைத்துப் பார்த்தால், மண் காயும்போது சுருங்கி ஈர்க்கைச் சுற்றி வெடிக்கிறது. படுத்த ஆடுதான் வழி. சிறு பிள்ளைகளுக்கும் அதுவே எளிது: ஒரு உருண்டை உடம்பு, ஒரு உருண்டை தலை, இரு காது. நிழலில் ஐந்து நாள் காய்ந்த பிறகு, வெள்ளை நைலான் கயிற்றைப் பிரித்து அந்த இழையை ஃபெவிகாலில் ஒட்டினால் உரோமம். பஞ்சு மாதிரி ஈரம் இழுக்காது. ராமநாதபுரம் வெள்ளை ஆடு என்று ஒரு இனமே நம் மாவட்டத்துப் பெயரில் இருக்கும்போது பெத்லகேம் ஆட்டுக்கு வேறு நிறம் தேடவேண்டியதில்லை.

குருத்தோலை வேலை எளிதாகப் போயிற்று. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடக்கிப் பழகிய விரல்கள் என்பதால் மடிப்பு, செருகல் எல்லாம் சொல்லித்தரத் தேவையில்லை. 2 செ.மீ. அகலத் துண்டு கொடுத்தால் சின்ன நட்சத்திரம், மீன், கிலுகிலுப்பை மூன்றும் வரும். 1.5 செ.மீ.க்குக் கீழே கிழித்தால் சிறு விரலுக்குப் பிடிபடாது, ஓரமும் கையை அறுக்கும். கிலுகிலுப்பைக்குள் புளியங்கொட்டை போடலாம். குன்றிமணி கூடாது. அழகுக்கு ஆசைப்பட்டு வீட்டில் வைத்திருப்பார்கள், அது கொடிய நஞ்சு, கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் புளியங்கொட்டையும் வேண்டாம், பிரிந்து கொட்டினால் வாய்க்குத்தான் போகும்.

சாயம் போட நினைத்தால் குருத்தோலைக்கு மட்டும். வெளிறிய ஓலையில்தான் நிறம் ஏறும், சாரோலையில் போட்ட சிவப்பு கறுப்பாகத் தெரியும். ஓலைப்பெட்டி முடைகிறவர்கள் வாங்கும் சாயப்பொடியைக் கொதிக்கும் தண்ணீரில் கரைத்து, இருபது நிமிடம் வேகவிட்டு, நிழலில் உலர்த்தி எடுப்பது. ஈரத்தோடு முடைந்தால் காய்ந்ததும் இடைவெளி விழும்.

குடிலுக்குள் விளக்கு: 5 வோல்ட் யு.எஸ்.பி. சரம், போன் சார்ஜரில் ஓடுவது. தொட்டால் ஷாக் அடிக்காது, ஓலையைச் சுடவைக்காது. பொத்தான் பேட்டரியில் எரியும் குட்டி விளக்குகள் மலிவு என்றாலும், பேட்டரி மூடி திருகு இல்லாமல் கையாலேயே திறக்கும் வகை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். மெழுகுவர்த்தி குடிலுக்குள் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாலு வாரத் திருவருகைக் காலத்து நாலு மெழுகுவர்த்தியும் சாப்பாட்டு மேசையில், பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்.

குடில் வைத்த பெஞ்சின் உயரம் 50 செ.மீ. ஐந்து வயதுப் பிள்ளை நின்றால் குடிலின் முகடு கண்ணுக்கு நேராக இருக்கும். தொடாதே என்று சொல்லிப் பயனில்லை. முன்வரிசை 30 செ.மீ. முழுக்கத் தொடலாம்: மண் ஆடு, ஓலை மீன், கிளிஞ்சல். பிளாஸ்டர் சுரூபங்கள் அதற்குப் பின்னால். இப்படிப் பிரித்த பிறகு ஒரு சுரூபமும் உடையவில்லை. பாலன் இயேசு சுரூபம் 24 இரவு பூசைக்குப் போய் வந்த பிறகே தொழுவத்துக்கு வரும், அதுவரை அலமாரியில். மூன்று ராஜாக்கள் 25 ஆம் தேதி அறையின் மறுகோடி ஜன்னலில் புறப்படுவார்கள், தினம் ஒரு சாண். ஐந்து வயதுச் சாண் 12 அல்லது 13 செ.மீ. ஜனவரி 6 வரை பன்னிரண்டு சாண், ஆகவே ஒன்றரை மீட்டர் வழி தேவை. அண்ணன் சாணால் அளந்தால் மூன்று நாள் முன்பே வந்து நிற்பார்கள், யார் சாண் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது சண்டையைக் குறைக்கும்.

மரம்

தோட்டக்காரரிடம் விலைக்கு வாங்கிய சவுக்குக் கொப்பு, ஒன்றரை மீட்டர். 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் முக்கால்வாசி ஈர மணல். இருபத்தைந்து கிலோவுக்கு மேல் வருவதால் பிள்ளை பிடித்து இழுத்தாலும் சாயாது. மணல் ஈரமாக இருக்கும்வரை பச்சை நிற்கும், 20 ஆம் தேதிக்கு முன் வெட்டினால் கொட்டிவிடும். மரத்தில் தொங்கவிடும் வண்ணக் குண்டுகளுக்குப் பதில் கழித்துப்போட்ட வலை மிதவைகள். நடுவில் துளை ஏற்கெனவே இருக்கிறது. நல்ல தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து உப்பை எடுத்து, 120 ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்த பிறகு வண்ணம் பூச வேண்டும். உப்பின் மேல் பூசியது விரலால் தட்டினாலே உரிகிறது. தெர்மோகோல் மிதவை என்றால் ஸ்பிரே பெயிண்ட் அடிக்கக்கூடாது, அந்தத் திரவம் தெர்மோகோலை அரித்துக் குழி விழவைக்கும். தண்ணீரில் கரையும் வண்ணம் மட்டும்.

செலவு: பிளாஸ்டிக் தாள் நாலு ஏறக்குறைய 100 ரூபாய், பல்பும் ஹோல்டரும் 150, வயர் பத்து மீட்டர் 250, கப்பியும் கயிறும் 180, யு.எஸ்.பி. சரம் 150, நூல், டேப், வண்ணம் எல்லாம் சேர்த்து 200, சவுக்குக் கொப்பு 100. ஓலைக்கும் மட்டைக்கும் ஏறி இறக்கியவருக்குக் கொடுத்தது 300. இதில் வயர், கப்பி, கயிறு, பல்பு அடுத்த வருடமும் ஓடும்.

அடுத்த முறை மாற்றுவது சில. வடக்குப் பார்த்த முகத்துக்குத் தாளை இரட்டையாகப் போட வேண்டும், கடைசி நாட்களில் அங்கே மட்டும் நுனியில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. குச்சி 18 செ.மீ.க்குப் பதில் 15 போதும், சிம்பு குறைவாக வளையும். ஆட்டுக்கு மண் பிசைவதை நவம்பர் கடைசிக்கு முன்தள்ள வேண்டும், மழை வாரத்தில் ஐந்து நாள் காய்ந்தது போதாமல் இரண்டு ஆட்டின் வயிற்றில் பூஞ்சணம் பூத்தது. கூரையைப் பிரிக்காமல் அப்படியே சாக்கில் கட்டிப் பரணில் போடலாம், உள்ளே ஒரு கைப்பிடி காய்ந்த வேப்பிலை. பல்பையும் யு.எஸ்.பி. சரத்தையும் ஈரத்துணியால் துடைத்து உப்பெடுத்து, காயவைத்து, மூடி இறுகும் டப்பாவில். கேழ்வரகுத் தட்டு இரண்டும் கோழிக்குப் போயின.